நாவலேரிக்கு நரம்பு முளைத்தபோது

நாவலேரியில் திருமண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சாக்கடைக் குழிக்குள் தேவராசு இறங்கி, இறங்கியவன் ஏறி வராமல் போன காலையில், அவன் பெண்டாட்டி பூங்காவனம் இரண்டு தெரு தள்ளிக் கூட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து, வலது கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினாள். ஆளிறங்கு குழி என்றுதான் நகராட்சி அதற்குப் பெயர் வைத்திருந்தது. ஆளை இறக்கக்கூடாது என்று சட்டம் போட்ட பிறகும் அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை, ஆளை இறக்குவதையும் யாரும் நிறுத்தவில்லை. மறுநாள் மண்டபத்தில் பெரிய இடத்துக் கல்யாணம். சமையல்கட்டுத் தண்ணீர் போகாமல் எதிர்த்துக்கொண்டு நின்றது. காண்ட்ராக்டர் பரந்தாமன் தேவராசுவை அனுப்பினான், தேவராசு சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு இறங்கினான், அவ்வளவுதான்.

"கயிறு! யாராவது ஒரு கயிறு குடுங்களேன்!" என்று பூங்காவனம் கத்தினாள். பந்தல் போடுகிறவர்களிடம் கயிறு இருந்தது. அவர்கள் பந்தலுக்கு வேண்டும் என்று நினைத்தார்களோ, குழிக்குள் போன கயிற்றைத் திரும்பத் தொடுவது எப்படி என்று நினைத்தார்களோ, ஒருவரும் அவிழ்க்கவில்லை. தேவராசுவோடு வேலைக்கு வந்திருந்த முனிரத்தினம் மட்டும் தன் வேட்டியை உருவி முறுக்கி உள்ளே விட்டான். அது பாதிதான் எட்டியது.

அப்போதுதான் பூங்காவனத்தின் ஐந்து விரல் நுனியிலிருந்தும் நரம்பு முளைத்தது. ஊறவைத்துக் கட்டிய பச்சைப்பயறு வெள்ளை வால் நீட்டுமே, அப்படி நீட்டிக்கொண்டு அது கீழே போயிற்று. விஷக்காற்றுக்குள் போயிற்று, கறுப்புத் தண்ணீருக்குள் போயிற்று, புருஷனுடைய கையைத் தேடிப் பிடித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அந்தக் கை சில்லிட்டுப் போவதை, சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரல்வரை ஒவ்வொன்றாய்ச் சில்லிட்டுப் போவதை, அவள் மேலே படுத்தபடியே முழுசாய் அறிந்தாள். தீயணைப்புக்காரர்கள் வந்து நரம்பைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஒதுக்கிப் பிடிம்மா, கால்ல சிக்குது" என்றார்கள். உடலை எடுத்தார்கள். அவள் எழுந்து நின்றபோது நரம்பு அறுந்துபோகவில்லை. சிலந்தி இழைபோல் மெலிந்து, நீண்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அவளோடு மண்ணுக்கடியில் வந்தது. அவள் சுடுகாட்டுக்குப் போனபோது சுடுகாட்டுக்கும் வந்தது.

குழியைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். அதன்மேல் கோலம் போட்டார்கள். மறுநாள் முகூர்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது.

பிறகு வந்த வாரங்களில் அந்த நரம்பு நாவலேரியின் பாதாளச் சாக்கடைக் குழாய்களில் எல்லாம் ஓடி, கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு, வீடு வீடாய் ஏறியது. ஊரார் குளியலறைச் சல்லடைக்குள் வெள்ளையாய் ஒரு நூல் எட்டிப் பார்ப்பதைக் கண்டார்கள். தொட்டால் தொட்டாற்சுருங்கிபோல் உள்ளே போனது, தொடாவிட்டால் குளிக்கிறவர்களின் உள்ளங்காலில் மெல்ல ஒட்டிக்கொண்டது. ஒட்டியது தெரியாது, வலிக்காது. வங்கி மேலாளர் ஒருவர் அதன்மேல் ஆசிட் ஊற்றினார். ஒரு துளிகூட அவர்மேல் படவில்லை, ஆனாலும் அவருடைய வலது கை முழங்கைவரை கொப்பளித்தது. அதற்குப் பின் யாரும் ஆசிட் ஊற்றவில்லை. வீட்டு உரிமையாளர் சங்கத்தில் பேசி, அது இருந்துவிட்டுப் போகட்டும், வாடகைக்கு வருகிறவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

மனிதர்கள் எதற்கும் பழகுவார்கள் என்பதை நாவலேரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முதலில் கற்பூரம் கொளுத்தினார்கள். நரம்பாத்தா என்று பெயர் வைத்து, தட்டில் தேங்காய் பழம் வைத்துக்கொண்டு, அதுவரைக்கும் எட்டிக்கூடப் பார்த்திராத துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புக்கு வரிசையாய் வந்து, பூங்காவனத்தின் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டார்கள். வெயிலில் வந்தவர்கள் என்று அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "இப்பதாம்மா குடிச்சிட்டு வந்தோம்" என்றார்கள். ஒருவர் விடாமல் எல்லோருமே இப்போதுதான் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். அவள் சொம்புத் தண்ணீரை அவர்கள் காலடியில் ஊற்றினாள், தேங்காயை எடுத்துத் தெருவில் எறிந்தாள்.

"ஆத்தான்னு கும்புடுற, ஆத்தா கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டியா? போ. எல்லாரும் போங்க."

சாமி கோபத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். கோபம் சாமிக்கு வந்தால் அருள், பூங்காவனத்துக்கு வந்தால் திமிர் என்பது ஊர் வழக்கம் என்பதால், அவளைச் சாமி என்று வைத்துக்கொள்வதே அவர்களுக்கு வசதியாக இருந்தது.

அவளுக்கோ சோற்றில் கை வைக்க முடியவில்லை. ஊரின் கழிவு முழுக்க இரவும் பகலும் அவள் விரல் வழியாகத்தான் ஓடியது. அதோடு வேறு சிலவும் வந்தன. குளிக்க மறுத்துத் துள்ளும் பிள்ளைகளின் பாதங்கள் வந்தன, குழாயைத் திறந்துவிட்டு அழுகிற ஒரு மருமகளின் கால் நடுக்கம் வந்தது. தாலுகா ஆபீஸ் தெருவில் தனியாய் இருந்த ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் வழுக்கி விழுந்தபோது, அந்த விழுதல் அவள் உள்ளங்கையில் தொம்மென்று வந்து இறங்கியது. ஓடிப்போய் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொன்னாள். அவர் பிழைத்தார். இப்படி ஒன்று ஊருக்கு இருப்பது நல்லதுதான் என்று பேசிக்கொண்டார்கள். கதவை உடைத்த ஆசாரிக்குப் பக்கத்து வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அவளை வெளியிலேயே விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அப்புறம் பேருந்து நிலையத்துக் குழி அடைத்துக்கொண்டது. பரந்தாமன் வேறொரு ஆளை அனுப்பினான். அந்த ஆள் இறங்கி, அவன் மூக்கில் முதல் மூச்சு விஷக்காற்று ஏறிய அந்த நொடியில், நாவலேரி முழுக்க எல்லோருடைய வலது கையும் சுட்டதுபோல் வெடுக்கென்று பின்னால் போயிற்று. டீ மாஸ்டர் தூக்கி ஆற்றிய டீ அவர் மார்பிலேயே கொட்டியது. முடிதிருத்தும் கடையில் கத்தி காதோரம் இழுத்துக்கொண்டு போனது. அர்ச்சகர் கையிலிருந்த தீபாராதனைத் தட்டு கர்ப்பக்கிருகச் சுவரில் மோதி விழுந்தது. வகுப்பில் கரும்பலகையிலிருந்து சாக்பீஸ் பறந்தது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல உயர்த்திய கை நீதிபதியின் கையோடு சேர்ந்தே மடங்கியது. யாரும் நினைத்து இழுக்கவில்லை. இழுத்த பிறகுதான் என்ன நடந்தது என்று நினைத்தார்கள். குழிக்குள் இறங்கியவன் அலறல் கேட்டு மேலே தூக்கப்பட்டான், பிழைத்தான்.

நகராட்சி மன்றத்தில் கூட்டம் போட்டு, அரசு ஆஸ்பத்திரி டாக்டர் மெஹருன்னிஸாவை அழைத்தார்கள். அவர் சுற்றி வளைக்காமல் பேசுகிற பெண்மணி.

"அடுப்புல இருக்கற பாத்திரத்தத் தெரியாமத் தொட்டுட்டா கை தானா பின்னால வருதில்லையா? அது மூளையக் கேட்டுட்டு வர்றதில்ல. முதுகுத்தண்டே முடிவு பண்ணிக் கையை இழுத்துடுது. சுட்டுடுச்சுன்னு மூளைக்கு அப்புறமாத்தான் சேதி போகுது. மூளை உக்காந்து யோசிச்சு இழுக்கறதுன்னா தோல் வெந்துடும். இத்தனை நாளா இந்த ஊர்ல ஒருத்தன் வெந்தா இன்னொருத்தனுக்குத் தெரியாம இருந்துச்சு. இப்ப ஊருக்கே ஒரு முதுகுத்தண்டு வந்திருக்கு."

"இதுக்கு வைத்தியம் என்ன டாக்டர்?" என்று சேர்மன் திருஞானம் கேட்டார்.

"ஆள இறக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் நகைச்சுவையாகச் சொன்னதாக நினைத்தார்கள். டாக்டர் சிரிக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மன்றம் எடுத்த முடிவு வேறு. அடுத்த வாரத்திலிருந்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ச் சொல்லிக்கொண்டு போனார்கள்: "நாவலேரி பொதுமக்களுக்கு அன்பான அறிவிப்பு. இன்று காலை பதினோரு மணியளவில் காய்கறிச் சந்தை அருகில் ஆள் இறங்கி அடைப்பு எடுக்க இருப்பதால், பொதுமக்கள் அந்த நேரத்தில் சூடான பொருட்களையோ கூர்மையான பொருட்களையோ வலது கையில் வைத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." மக்கள் ஒத்துழைத்தார்கள். பதினோரு மணிக்கு டீக்கடைகளில் ஆற்றுவதை நிறுத்தினார்கள், ஆஸ்பத்திரியில் ஊசியைத் தள்ளிப் போட்டார்கள், அர்ச்சகர் அந்த நேரத்தில் நடை சாத்தினார். கை உதறும், கொஞ்சம் எரியும், மறுபடி வேலையைப் பார்ப்பார்கள். மருந்துக் கடையில் மரத்துப்போகிற களிம்பு ஒன்று நன்றாக விற்றது. குழந்தைகள் அதை ஒரு விளையாட்டாக்கி, கை உதறும்போது யார் கை உயரப் போகிறது என்று போட்டி வைத்தார்கள். ஊருக்கு வந்த மாப்பிள்ளைகளிடம் அதைப் பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு.

ஒரு மனிதன் சாக்கடைக்குள் மூச்சுத் திணறுகிறான், அந்தத் திணறல் இவர்கள் எலும்புவரை வந்து சொல்கிறது, இவர்கள் அதற்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டுக் களிம்பு தடவிக்கொள்கிறார்கள். பூங்காவனம் ஒலிபெருக்கி ஆட்டோவை வழிமறித்தாள், ஓட்டுநர் அவளைச் சுற்றிக்கொண்டு போனான். நேராக நகராட்சி ஆபீசுக்குப் போய்ச் சேர்மன் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பரந்தாமனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

"உங்களுக்கு வலிக்குதா இல்லையா?"

"உட்காரும்மா" என்றார் திருஞானம். நாற்காலியைக் காட்டவில்லை.

"வலிக்குதா இல்லையா? அத சொல்லுங்க மொதல்ல."

"வலிக்கத்தான் செய்யுது. யார் இல்லேன்னா?"

"அப்புறம் ஏன் எறக்குறீங்க? கை சுடுதுன்னா நெருப்ப அணைப்பாங்களா, நாளைக்கு எத்தன மணிக்குச் சுடும்னு மைக்கு வச்சுச் சொல்லுவாங்களா?"

சேர்மன் தன் வலது கையை ஒருமுறை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டார். "ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருந்துச்சும்மா. இப்ப அவ்வளவா தெரியறதில்ல. பழகிடுச்சு."

அது உண்மைதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால் நரம்பு சேதி சொல்வதை மெல்லக் குறைத்துக்கொள்ளும் என்று டாக்டர் பின்னால் அவளிடம் சொன்னார். கட்டிய துணி உடம்பில் இருப்பது நாள் முழுக்கவா தெரிகிறது? அது போலத்தான் இதுவும். பரந்தாமன் வேறொரு வழியும் கண்டுபிடித்திருந்தான். இறங்கும் ஆளுக்கு முன்னாலேயே வயிறு முட்டப் பிராந்தி ஊற்றிவிட்டால், அவனுடைய வலி கலங்கிப்போய்த்தான் ஊருக்கு வந்தது. ஊர்க்காரர்களுக்கு லேசாகத் தலை சுற்றும், கை சும்மா துடிக்கும், அவ்வளவுதான். அதற்காகப் பரந்தாமனை மன்றத்தில் பாராட்டினார்கள்.

பூங்காவனத்துக்கு மட்டும் பழகவில்லை. அவள் பழக விடவில்லை என்பதுதான் சரி. கை மரத்துப்போகும்போதெல்லாம் புருஷனுடைய சுண்டுவிரல் சில்லிட்டதை நினைத்தாள். நினைத்தவுடன் மறுபடி வலித்தது. வலித்தால்தான் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

சேர்மன் வீட்டுக் கல்யாணம் வந்தது, அதே மண்டபம். அதே குழி மறுபடி அடைத்தது. இந்த முறை பரந்தாமன் கூட்டிக்கொண்டு வந்தது முனிரத்தினத்தை. தேவராசு செத்த நாளிலிருந்து குழிப்பக்கமே போகாமல் செங்கல் சூளையில் சுமை தூக்கிக்கொண்டிருந்த அவனை, சூளை மழைக்கு மூடியிருந்த நேரம் பார்த்து வீட்டுக்கே போய் அழைத்து, ஊற்றிக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பூங்காவனம் வந்து சேர்ந்தபோது அவன் சட்டையைக் கழற்றி நின்றுகொண்டிருந்தான், கால் தள்ளாடியது, குழியின் மூடி திறந்திருந்தது.

"வேணாம் முனிரத்தினம். என் மூஞ்சியப் பாரு. வேணாம்."

"விடு அண்ணி" என்றான். கண் வேறெங்கோ இருந்தது. "அடுப்பு எரியணுமில்ல. மழ விடற மாதிரித் தெரியல."

"நகரும்மா அந்தாண்ட" என்றான் பரந்தாமன். "நேரமாவுது. பந்திக்கு ஆள் உக்காந்தாச்சு."

பூங்காவனம் ஒன்றும் செய்யவில்லை. ஆத்திரம் தாங்காமல் வலது கையை இறுக மூடினாள், அவ்வளவுதான். அவள் எதிரில் நின்ற பரந்தாமனின் வலது கையும் மூடியது. அதிலிருந்த செல்போனின் கண்ணாடி நொறுங்கியது. மண்டபத்துக்குள் பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கையும் பிசைந்த சோற்றோடு மூடியது. அவள் அதைப் பார்த்தாள். கையைத் திறந்தாள். எல்லாக் கையும் திறந்தது. உடம்பிலிருந்து தலைக்குச் சேதி போகிற பாதையில்தான் தலையிலிருந்து உடம்புக்குக் கட்டளையும் வருகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இத்தனை மாதமாக ஊரின் வலியெல்லாம் தன்னிடம் வந்ததே, தன்னிடமிருந்து ஊருக்கு ஒன்றும் போகவில்லையே என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்டாள்.

முனிரத்தினம் ஒரு காலைக் குழிக்குள் வைத்தான். அவள் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

நாவலேரி எழுந்து வந்தது. பந்தியிலிருந்து இலையைத் தாண்டிக்கொண்டு வந்தார்கள், கடைகளிலிருந்து கல்லாவைப் பூட்டாமல் வந்தார்கள், நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டு வந்தார், வங்கியிலிருந்து வந்தார்கள், கோயிலிலிருந்து வந்தார்கள், பாதிச் சவரத்தில் சோப்பு நுரையோடு வந்தார்கள். நீட்டிய வலது கை முன்னால் இழுத்துக்கொண்டு போக, கால்கள் அதன் பின்னால் தடுமாறிக்கொண்டு வர, நாய்ச் சங்கிலியைப் பிடித்தவன் நாயின் பின்னால் ஓடுவதுபோல் தங்கள் கையின் பின்னால் ஓடி வந்தார்கள். வந்து முனிரத்தினத்தைப் பிடித்தார்கள். கையைப் பிடித்தார்கள், தோளைப் பிடித்தார்கள், இடுப்பைப் பிடித்தார்கள். எட்டாதவர்கள் பிடித்தவர்களைப் பிடித்தார்கள். அவனைச் சுற்றித் தெருமுனைவரைக்கும் ஒருவர் கை ஒருவரைப் பற்றிக்கொண்டு நின்றது. வாய்கள் மட்டும் அவரவர் வாய்களாகவே இருந்தன.

"ஐயோ, இவனப் போய்த் தொடறேனே! முகூர்த்தப் பட்டு கட்டியிருக்கேன்!"

"யோவ், நீ இறங்கித் தொலைய்யா! நாங்க வீட்டுக்குப் போகணும்!"

"எவடி அவ? அவளப் பிடிச்சு வெளியத் தள்ளுங்கடா!"

எப்படித் தள்ளுவார்கள்? கை அவர்களிடம் இல்லை. வாய் அவனை இறங்கச் சொல்லித் திட்டத் திட்ட, கை அவனை இறங்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் வலிக்காதபடி பிடித்திருந்தது. தடுக்கிய குழந்தையை எப்படிப் பிடிப்பார்களோ அப்படிப் பிடித்திருந்தது. முனிரத்தினம் தன் உடம்பெல்லாம் மொய்த்திருந்த கைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். முதலில் சிரித்தான். பிறகு அவன் முகம் கோணியது.

"அண்ணி" என்றான், போதை இறங்கிய குரலில். "இவங்க யாரும் என்னைத் தொட்டதே இல்ல அண்ணி. காசுகூடத் தூக்கித்தான் போடுவாங்க."

அந்த வார்த்தை பூங்காவனத்தின் தலைக்கு ஏறியது. அவள் பரந்தாமனைப் பார்த்தாள். கூட்டத்தில் அவன் கை முனிரத்தினத்தின் தோளில் இருந்தது. அவள் தன் வலது கையைத் தூக்கித் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். மற்ற எல்லோர் கையையும் இருந்த இடத்திலேயே இருக்கவிட்டு, அவனுடையதை மட்டும் எடுத்தாள். ஒரு விரலை மட்டும் அசைக்கத் தெரிந்தவளுக்கு ஐந்நூறில் ஒரு கையை மட்டும் அசைக்கத் தெரியாதா? பரந்தாமனின் கை அவன் தொண்டைக்கே போயிற்று. அழுத்தியது. அவன் கண் பிதுங்கியது. அவன் இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. தேவராசு எப்படித் திணறினானோ அப்படியே அவன் திணறுவதை அவள் பார்த்தாள்; பார்ப்பதற்கு நன்றாக இருந்தது; அதை அவள் கடைசிவரைக்கும் மறைக்கவில்லை, நன்றாகத்தான் இருந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம்தான் தேவைப்பட்டது.

அப்போது நெற்றிக்குப் பின்னால் ஏதோ ஒன்று அவள் கையை நிறுத்தியது. இரக்கம் என்று பின்னால் பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். இரக்கமெல்லாம் இல்லை. அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நில் என்றது, நின்றது. மனிதருக்கு முன்மூளையில் அப்படி ஒரு கடிவாளம் இருக்கிறது என்று டாக்டர் மெஹருன்னிஸா விளக்கியபோது, பூங்காவனம் பொங்கிப்போய்க் கேட்டாள்:

"அப்ப அந்தக் கடிவாளம் அவங்க தலையில எங்கம்மா? என் புருசன எறக்கும்போது அவனுக்கு நில்லுன்னு ஒண்ணும் சொல்லலியே? எங்களுக்கு மட்டும் ஏன் இத இத்தன தடியா வச்சிருக்கு? பொறந்ததுலேர்ந்து அடக்கி அடக்கி நாங்க வளத்து வச்சிருக்கோம், அவங்களுக்கு வளக்க வேண்டிய அவசியமே வரல, அதானே?"



ஆனால் அது பிற்பாடு. அன்று குழியருகில் அவள் தன் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். பரந்தாமன் தரையில் உட்கார்ந்து இருமினான். அவள் ஊரைப் பார்த்தாள். சட்டைகளிலும் வேட்டிகளிலும் பட்டுகளிலும் நின்ற அத்தனை பேரையும், தன் ஒரு கையில் தொங்குகிறவர்களை, பார்த்தாள். இவர்கள் வலியையும் நானே வாங்கி, இவர்கள் கையையும் நானே ஆட்டி, இவர்கள் செய்ய வேண்டிய நல்லதையும் நானே செய்து, அப்புறம் இவர்களுக்கு எதற்குக் கழுத்துக்கு மேல் ஒரு தலை என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. குழியருகில் குனிந்து, வலது கையை இடது கையால் இறுகப் பிடித்து, கோரைக்கிழங்கு பிடுங்குவதுபோல் வேரோடு இழுத்தாள்.

நரம்பு வந்தது. ஒவ்வொரு வீட்டுச் சல்லடையிலிருந்தும் வழுக்கிக்கொண்டு, குழாய் குழாயாய்ப் பிடி விட்டுக்கொண்டு, மண்ணுக்கடியில் சரசரவென்று இழுபட்டு அவள் காலடியில் குவிந்து, காற்றுப் பட்டதும் உப்புப்போல் உதிர்ந்தது. கடைசி இழை வந்தபோது அவள் வலது கை தோளிலிருந்து செத்துத் தொங்கியது. நாவலேரியின் கைகளெல்லாம் நாவலேரிக்காரர்களிடம் திரும்பின.

முனிரத்தினத்தைப் பிடித்திருந்த கைகள் சட்சட்டென்று விலகின. பலர் புடவையிலும் வேட்டியிலும் துடைத்துக்கொண்டார்கள். முனிரத்தினம் குழிக்குள் வைத்த காலை எடுத்தான். குனிந்து இரும்பு மூடியை இழுத்துக் குழியை மூடினான். மூடி அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். பூங்காவனம் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தூக்குங்கடா அவனுங்கள!" என்று பரந்தாமன் கீறல் விழுந்த குரலில் கத்தினான். "அந்த மூடியத் தொறங்க! சேர்மன் வீட்டுக் கல்யாணம்!"

இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். மூடிக்கருகில் வந்து நின்று கையை நீட்டினார்கள். நீட்டிய கை பாதியில் நின்றது. பூங்காவனம் நிறுத்தவில்லை, நிறுத்த அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவர்கள் தங்கள் கையையே பார்த்தார்கள். ஒருவன் பின்வாங்கினான், அவனைப் பார்த்து மற்றவனும் பின்வாங்கினான். பரந்தாமன் வேறு இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர்கள் கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார்கள். யாரும் முன்னால் வந்து முனிரத்தினத்துக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. இவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

சாக்கடை பொறுமையாகக் காத்திருக்கவில்லை. மாலைக்குள் மண்டபத்துச் சமையல்கட்டில் ஏறியது, பிறகு பந்தியில் ஏறியது. மறுநாள் தெருக்களில் ஏறியது, சேர்மன் வீட்டு நடுக்கூடத்தில் ஏறியது, கோயிலில் கொடிமரம்வரை ஏறியது. அடைப்பு எடுக்கும் இயந்திரம் கேட்டு மாவட்டத் தலைநகருக்குப் போன் மேல் போன் போட்டார்கள். இயந்திரம் என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. அது வந்து சேரும்வரை நாவலேரி தன் கழிவுக்குள்ளேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. ஆளை இறக்கலாம் என்று ஒன்றிரண்டு பேர் பேச்செடுத்தார்கள். பேசியவர்கள் பாதியிலேயே தங்கள் வலது கையைப் பார்த்துக்கொண்டு நிறுத்தினார்கள். கை ஒன்றும் செய்யவில்லை, மடியில் சும்மாதான் கிடந்தது.

கருணை மிகுந்த நாவலேரி மக்களுக்கு நன்றி என்று யாரோ பேனர் வைத்தார்கள். பூங்காவனம் அதைக் கிழிக்கவில்லை. அதற்கு நேரமில்லாமல் காவல் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். முனிரத்தினம் கூட வந்தான், டாக்டர் மெஹருன்னிஸா வந்தார், வேடிக்கை பார்க்க ஊரில் பாதி வந்தது, சேர்மனும் பரந்தாமனும் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்க்க வந்தார்கள். நிலையத்து வாசலிலும் கறுப்புத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. இன்ஸ்பெக்டர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு படியில் நின்றார்.

"புருஷன் செத்து இத்தனை மாசம் கழிச்சு வந்திருக்கியேம்மா."

"அன்னிக்கே வந்தேன். விபத்துன்னு சொல்லி அனுப்பினீங்க."

அவர் பதிவேட்டைப் பிரித்தார். "சரி. எழுதிக்கறேன். கொன்னது யாருன்னு சொல்ற?"

பூங்காவனத்தின் வலது கை அசையாமல் தொங்கியது. அவள் இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள், மடங்கிக் கிடந்த சுட்டுவிரலை நிமிர்த்தினாள், செத்த கையால் பரந்தாமனைக் காட்டினாள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எல்லோருக்கும் சற்று ஆசுவாசமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார்.

ஆனால் அவள் கையை இறக்கவில்லை. அது மெல்ல நகர்ந்து சேர்மனிடம் வந்தது. சேர்மனைத் தாண்டி மண்டபத்துச் சொந்தக்காரரிடம் வந்தது. அங்கிருந்து, பந்தலுக்குக் கயிறு கட்டியவர்களிடம் வந்தது, கோலம் போட்டவளிடம் வந்தது, ஒலிபெருக்கியில் பேசியவனிடம், களிம்பு விற்றவரிடம், வாங்கியவர்களிடம் வந்தது. டாக்டரிடம் வந்தபோதும் நிற்கவில்லை, டாக்டர் தலை குனிந்துகொண்டார். தண்ணீருக்குள் நின்றபடியே அவள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தாள், விரலும் திரும்பிக்கொண்டிருந்தது, அது வருகிற பக்கமெல்லாம் பேச்சு அடங்கியது.

"எழுத இடம் பத்தாதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்கதான் நிறுத்தப் போற?"

"நீங்க எழுதுங்க" என்றாள் பூங்காவனம். விரலை அவர் பக்கம் திருப்பினாள்.